வன்னி வளவில் நாய்க்குட்டி: முதலில் குளிப்பா, உண்ணியா?

இலங்கையின் வன்னியில் நாய்க்குட்டியைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் குறைவு. அயல் வீட்டு நாய் ஈன்றிருக்கும். குட்டிகள் ஓடித் திரியத் தொடங்கியதும், "ஒன்றைக் கொண்டு போங்களேன்" என்று வீட்டுக்காரர் விடாமல் கேட்பார். உரப்பையிலோ மோட்டார் சைக்கிள் கூடையிலோ ஏறிப் புது வீட்டில் வந்து இறங்கும் அந்தக் குட்டி, காதில் உண்ணி, உடம்பில் தெள்ளு, குடலில் புழு என்று ஒரு பெரிய குடித்தனத்தோடுதான் வந்திருக்கும். அன்றைக்கே அதைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தைத் தேய்த்து, நான்கு வாளி தண்ணீரை ஊற்றி, நடுங்க நடுங்க வெயிலில் விட்டுவிட்டால் குட்டி சுத்தமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியோடுதான் எனக்கு வழக்கு. குளித்து முடித்த குட்டியின் காதுக்குள் உண்ணி அப்படியே இருக்கும். நாய்க்குட்டியின் சுத்தம் என்று பேசும்போது நம்மவர் ஒப்பிடுவது எந்தச் சவர்க்காரம் நல்லது, எந்த ஷாம்பு வாசம் என்பதைத்தான். வன்னி வளவில் வளரும் குட்டிக்கு உயிர்ப் பிரச்சினையாக வருவது உண்ணியும் புழுவும். கையில் இருக்கும் காசும் பொறுமையும் முதலில் அங்கே போக வேண்டும். குளிப்புக்கு மிச்சம் இருந்தால் போதும். ஆனாலும் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி குளிப்புப் பற்றியதுதான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எதைத் தேய்ப்பது?

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியாக இருந்தால் இந்தக் கேள்வியே வேண்டியதில்லை. அந்த வயதில் குட்டியால் உடல் சூட்டைச் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது. இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுவதே அதற்குக் குளிப்பு. மார்கழி மழையில் முற்றத்துச் சேற்றில் புரண்டு வந்தால்கூட, சேறு காயும்வரை பொறுத்திருந்து தட்டி உதிர்த்துவிடலாம்.

அதற்கு மேற்பட்ட வயதுக் குட்டிக்கு நம் வீடுகளில் கைக்கு எட்டுபவை உடுப்புச் சவர்க்காரம், குழந்தைச் சவர்க்காரம், கிருமிநாசினித் திரவம், நாய்க்கென்று விற்கும் ஷாம்பு ஆகிய நான்கும்தான். மனிதத் தோல் சற்று அமிலத் தன்மை உடையது. நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. கட்டிச் சவர்க்காரம் பொதுவாகக் காரத்தன்மை கூடியது. உடுப்புச் சவர்க்காரத்தில் அது இன்னும் கடுமை. தோலின் எண்ணெய்ப் படலத்தை அது உரித்து எடுத்துவிடும். பிறகு குட்டி சொறியும், பொடுகு உதிரும். அதைப் பார்த்து ஊத்தை போகவில்லை என்று மறுபடியும் தேய்ப்பார்கள்.

இதோடு நம் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், வன்னியின் பல ஊர்களில் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் கடின நீர். கடின நீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து, பிசுபிசுப்பான ஒரு படிவாக மயிரோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை வாளி ஊற்றினாலும் அது முழுதாகப் போகாது. ஷாம்பு இந்தத் தண்ணீரிலும் கழுவுப்படும். நாய் ஷாம்புவுக்கு நான் பரிந்து பேசுவதற்கு இந்த அலசும் காரணந்தான் பெரிது. அதன் வாசனையும் பளபளப்பும் விளம்பரக்காரரின் கவலை. சின்னப் போத்தல் ஒன்று வாங்கினால் ஊர்நாய்க் குட்டிக்கு மாதக் கணக்கில் வரும். கையளவு ஷாம்புவைத் தண்ணீரில் கலக்கியே பூசலாம்.

ஷாம்பு கிடைக்காத இடத்தில் குழந்தைகளுக்கான மென்மையான திரவக் கழுவியைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். அது குழந்தைச் சவர்க்காரக் கட்டியை விட மேல். கிருமிநாசினித் திரவத்தை மட்டும் வேண்டவே வேண்டாம். "இரண்டு சொட்டு விட்டால் கிருமி செத்துவிடும்" என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. குட்டியின் தோலை அது எரிக்கும். குட்டி நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும். வீட்டில் பூனையும் இருந்தால் ஆபத்து இன்னும் கூட.

சவர்க்காரம் எதுவுமில்லாத வெறும் தண்ணீர் என்று ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது. கட்டை மயிருள்ள ஊர்க்குட்டிக்குப் பல மாதங்களுக்கு அதுவே போதும். மாதம் ஒரு தடவைக்கு மேல் ஷாம்பு போட வேண்டிய தேவை, சாணியில் புரண்டாலொழிய, அதற்கு வராது. பட்டியோடு இருக்கும் வீடுகளில் சாணியில் புரள்வது அடிக்கடி நடக்கும் என்பதும் உண்மைதான்.

எங்கே, எந்த நேரத்தில்?

கிணற்றுக் கட்டில் வைத்துக் குளிப்பாட்டக் கூடாது. கிணற்றிலிருந்து தள்ளி, ஊற்றும் தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடுகிற இடமாகப் பார்க்க வேண்டும். உண்ணி மருந்து பூசிய குட்டியைக் கழுவும் தண்ணீர் கிணற்றுக்குள் ஊறிப் போனால் அதைக் குடிப்பவர்கள் நாம்தான்.

குளத்துக்குக் கொண்டுபோவது இலவசம், பிள்ளைகளுக்கும் விளையாட்டு. ஆனால் மாடும் எருமையும் படுத்தெழும்பும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். தடுப்பூசி போட்டு முடிக்காத குட்டிக்கு அது பொல்லாத இடம். உண்ணிக்காகக் கழுத்தில் விட்ட பிப்ரோனில் மருந்து நீரில் கரைந்தால் மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் நஞ்சு. இவை இரண்டும் பெரிதாகத் தோன்றாதவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: வன்னிக் குளங்களில் முதலை இருக்கிறது. கரையோரம் தத்தளிக்கும் நாய்க்குட்டி அதற்கு விருந்து.

குழாயும் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியும் உள்ள வீடுகளில் வேறொரு கவனம் வேண்டும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் தாங்கியிலும் வெளியே கிடக்கும் ஹோஸிலும் நின்ற தண்ணீர் கை சுடுகிற அளவுக்குக் காய்ந்திருக்கும். அதை நேராகக் குட்டியின் வயிற்றில் பாய்ச்சினால் கொப்புளமே போடும். முதல் தண்ணீரை நிலத்தில் ஓடவிட்டு, உங்கள் முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை முற்பகல் பத்து மணியை ஒட்டிக் குளிப்பாட்டுவதே வசதி. மயிர் உலர வெயில் இருக்கும், நிலம் இன்னும் கொதித்திருக்காது. மாலையில் குளிப்பாட்டி ஈரத்தோடு படுக்கவிடுவது மாரியில் சளியையும் தோல் புண்ணையும் கொண்டுவரலாம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கழுத்திலிருந்து கீழே குளிப்பாட்டி, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் காதுக்குள் நீர் போகாது, குட்டியும் மிரளாது. முதல் குளிப்பில் மிரண்ட நாய் வளர்ந்த பிறகு வாளிச் சத்தம் கேட்டாலே வேலிக்கு வெளியே நிற்கும்.

உண்ணி

நாயில் நாம் காணும் உண்ணி பெரும்பாலும் கபில நிற நாயுண்ணி. பட்டியில் மாடு நிற்பதால்தான் நாய்க்கு உண்ணி ஏறுகிறது என்று சொல்வார்கள். மாட்டில் இருப்பது பெரும்பாலும் வேறு இனம். நாயுண்ணி நம் வீட்டுச் சுவரில் வாழ்வது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். பொரித்த குஞ்சுகள் நாயைத் தேடி இறங்கும், குடிக்கும், மறுபடி சுவருக்குப் போகும். ஒரு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்புக்கு வெளியேதான் கழிக்கிறது. உணவில்லாமல் மாதக் கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். பூசாத கல்சுவரும், மண் குந்தும், கிடுகு வேலியும், அடுக்கி வைத்த விறகும் அதற்கு மாளிகை. நம் வெப்பநிலையில் ஆண்டு முழுவதும் அது பெருகும்.

குட்டிக்கு இது ஏன் ஆபத்து என்றால், உண்ணி இரத்தம் குடிப்பதோடு பபேசியா, எர்லிக்கியா என்ற கிருமிகளையும் உடம்புக்குள் விடுகிறது. காய்ச்சல், சாப்பிடாமை, சோர்வு, பல்முரசு வெளிறிப் போதல், சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போதல் என்று அது வெளிப்படும். இரண்டு மூன்று மாதக் குட்டி ஒன்றின் உடம்பில் இருக்கும் இரத்தமே கொஞ்சம்; உண்ணி கூட்டமாக ஏறினால் கிருமி இல்லாமலேகூட அது இரத்தம் வற்றிச் சாகலாம்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

கையால் எடுப்பது முதலாவது. காசு செலவில்லை, எந்த வயதுக் குட்டிக்கும் ஆகும். பின்னேரம் குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, காது மடலின் உட்பக்கம், காதின் பின்னால் உள்ள மடிப்பு, கழுத்துப் பட்டியின் அடி, அக்குள், விரல்களின் இடுக்கு என்று வரிசையாக விரலை ஓட்டுங்கள். விரலிடுக்கில் இருப்பது உளுந்தளவு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மயிரை விலக்கிப் பார்த்தால் அதைச் சுற்றித் தோல் சிவந்திருக்கும். நுனி மெல்லிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுத்தால் வாயோடு வந்துவிடும். பருத்த உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், நெருப்புக்குச்சியால் சுடாதீர்கள், மண்ணெண்ணெய் தொட்டு வைக்காதீர்கள். அந்த வதையில் அது தன் எச்சிலைக் குட்டிக்குள் கூடுதலாகக் கக்கிவிடலாம். சவர்க்காரத் தண்ணீர் விட்ட சிரட்டையில் போட்டு மூழ்கடித்தால் போதும். பபேசியா கிருமி உடம்பில் ஏறுவதற்கு உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் பார்த்து எடுக்கும் வீட்டில் அந்தக் கிருமிக்கு வாய்ப்புக் குறைவு. எர்லிக்கியா அவ்வளவு பொறுத்திருக்காது என்பதால் கையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது.

இரண்டாவது வேம்பு. நம் வளவில் வேப்பமரம் இல்லாத வீடு அரிது. வேப்பெண்ணெய் மீதான பக்தியும் அவ்வளவு. உண்ணி ஏறுவதை வேப்பெண்ணெய் ஓரளவு குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஏறிக் கடித்துவிட்ட உண்ணியை அது நம்பகமாகக் கொல்வதில்லை. கலக்காமல் பூசினால் குட்டியின் தோல் எரியும், நக்கினால் வாந்தி எடுக்கும். அவித்து ஆறவைத்த வேப்பிலைத் தண்ணீரால் கடைசியாக ஒருமுறை அலசுவதிலும், படுக்கைச் சாக்கின் அடியில் இலையைப் பரப்புவதிலும் கெடுதல் இல்லை. இதை மட்டும் நம்பி மருந்தைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல்.

மூன்றாவது, தோட்டத்து மருந்து. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடிக்கும் பூச்சிகொல்லியின் மூடியளவு கலந்து நாயைத் தோய்ப்பது, புகையிலையை ஊறவைத்த தண்ணீரில் குளிப்பாட்டுவது ஆகியவற்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நடக்கிறது. உண்ணி சாகும் என்பது சரி. குட்டியும் சாகும். நிக்கொட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. மாட்டுக்கு அடிக்கும் அமிட்ராஸ் கரைசலையும் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பயன்படுத்துவதில்லை. இந்த மூன்றாவது வழி ஒப்பீட்டுக்கே தகுதியற்றது.

நான்காவதாக, மிருக வைத்தியரிடமும் நகரத்து மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் நாய்க்கான மருந்துகள். இதில்தான் உண்மையாகத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. பிப்ரோனில் விசிறியை, அதாவது ஸ்பிரேயை, மிகச் சிறிய குட்டிக்கும், பிறந்து இரண்டு நாள் கடந்தாலே, அளவறிந்து அடிக்கலாம். மதுசாரம் கலந்தது என்பதால் உலரும்வரை குப்பிவிளக்கு, அடுப்புப் பக்கம் விடக் கூடாது. அதே மருந்தின் கழுத்துச் சொட்டு எட்டு வாரத்துக்குப் பிறகு. புளூரலனர், அபொக்சோலனர் போன்ற குளிசைகளும் எட்டு வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். அவற்றுக்கு எடையும் ஏறக்குறைய இரண்டு கிலோவை எட்டியிருக்க வேண்டும். நம் ஊர்க்குட்டிகள் பல எட்டு வாரத்தில் அந்த எடைக்கு வருவதில்லை. வலிப்பு வந்த குட்டி என்றால் குளிசைக்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சொட்டா குளிசையா என்றால், கழுத்துச் சொட்டு தோலின் எண்ணெயில் பரவி வேலை செய்வது. விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டே தீருவேன் என்கிற வீட்டில், மாரி மழையில் நனைந்து திரிகிற குட்டியில், சொட்டுக்குக் கொடுத்த காசு தண்ணீரோடு போய்விடும். அங்கே குளிசை நல்லது. குளிசை குளிப்பால் குறையாது. ஆனால் உண்ணி கடித்த பிறகே சாகும் என்பதால் ஓரிரண்டு உண்ணி உடம்பில் தெரியத்தான் செய்யும், "மருந்து வேலை செய்யவில்லை" என்று பதற வேண்டியதில்லை. விலையில் குளிசை கூட. புளூரலனர் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். மற்றவை மாதத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் பயமுறுத்துகிற அளவுக்கு இருக்காது.

என் தெரிவைச் சொல்கிறேன். இரண்டு கிலோ வரும்வரை கையும் விசிறியும். பிறகு ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்துக்குக் குளிசை. கோடையில், குளிப்பைக் குறைத்துக்கொள்ள முடிந்தால், சொட்டு. இவற்றோடு சுவரையும் பார்க்க வேண்டும். நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்புகளைச் சீமெந்துச் சாந்தால் அடைத்து, சாக்கைக் கிழமைக்கு ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால், மருந்துக்குப் பாதி வேலை மிச்சம்.

பேன்சீப்பு

நாய்க்கென்று விற்கும் தெள்ளுச் சீப்பைத் தேடி வவுனியா போக வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையுள்ள வீடு எதிலும் பேன்சீப்பு இருக்கும். குட்டியின் வாலடியிலும் இடுப்பிலும் அதை ஓட்டி, சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மண்ணாக இருந்தால் மண் நிறத்திலேயே நிற்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் ஈரம் பட்ட இடம் கரும்பழுப்பாகக் கசிந்து, ஓரம் சிவக்கும். செரித்த இரத்தம் அது. ஒரு தெள்ளைக்கூடக் காணாமலேயே குட்டியில் தெள்ளு இருப்பது இப்படித் தெரிந்துவிடும். அந்தச் சீப்பைத் திரும்பப் பிள்ளையின் தலைக்குக் கொண்டுபோகாமல் குட்டிக்கே விட்டுவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

தெள்ளை விழுங்கும் குட்டிக்கு நாடாப்புழு வரும். வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருப்பது அதன் துண்டுகள். ஆகவே தெள்ளு மருந்தும் குடற்புழு மருந்தும் ஒன்றாகவே போக வேண்டியவை. வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் தாயிடமிருந்தே வந்துவிடுவதால், இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு வாரம்வரை புழு மருந்து கொடுப்பது வழக்கம். நாயிலும் பூனையிலும் வாழ்ந்து மனிதக் குடலிலும் குடியேறும் கொக்கிப்புழு ஒன்றுக்குச் சிலோனை ஒட்டியே விஞ்ஞானப் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்குள்ள ஒரு புனுகுப்பூனையின் குடலில் கண்டெடுத்து 1911இல் பெயரிட்டது அது. வெறுங்காலோடு மணலில் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வளவில், குட்டியின் மலத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளி ஆழமாகப் புதைப்பது, குட்டியை எத்தனை முறை குளிப்பாட்டினோம் என்பதை விடப் பெரிய சுத்தம். காலையில் முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றால் வேலியோரம் தள்ளிவிடுவது, புழு முட்டையை வளவு முழுவதும் விதைப்பதாகும்.

சொறி பிடித்தால்

கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் மயிர் கொட்டி வட்டமாகத் தோல் தெரிந்தால் அது நோய், குளிப்பால் போகாது. ஊரில் கையாளும் வைத்தியம், பழைய எஞ்சின் ஒயிலை உடம்பெல்லாம் பூசுவது. அதில் உலோகத் துகளும் நச்சுப் பொருளும் கலந்திருக்கின்றன. குட்டி நக்கியே தீரும். தேங்காய் எண்ணெயில் குழைத்த கந்தகம் அவ்வளவு மோசமில்லை. கந்தகத்துக்குச் சொறிப்பூச்சியைக் கொல்லும் தன்மை உண்மையாகவே உண்டு. ஆனால் சொறியில் இருவகை. மயிர்க்காலில் வாழும் சிற்றுண்ணியால் வருவது குட்டியின் எதிர்ப்புச் சக்தி கூடக் கூடத் தானாகவே மாறலாம். தோலைத் துளைக்கும் மற்றது விடாத அரிப்பைத் தரும். குட்டியைத் தூக்கித் திரியும் பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும்கூடத் தினவாக ஏறும். எது எது என்று தோலைச் சுரண்டிப் பார்த்தே சொல்ல முடியும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண்மதிப்பில் ஊசியில் எடுத்துக் குட்டிக்குப் போடுவது இப்போது சிலரின் கைவைத்தியமாகிவிட்டது. மாட்டின் அளவுக்குச் செறிவாக்கிய மருந்து அளவு மீறினால் குட்டியின் மூளை தாங்காது. பிரதேசத்துக்கு ஒன்றாக அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்குமே நேரம் போதாது என்பது தெரிந்த கதை. காலையில் நேரத்தோடு போனால் குட்டியையும் பார்ப்பார்கள்.

நகம், பல், காது

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரவல் வீதியிலும் சீமெந்து நிலத்திலும் ஓடும் குட்டிக்கு நகம் தானாகத் தேயும். மணல் வளவிலேயே கிடக்கும் குட்டிக்குத் தேயாது. எங்கே ஓடினாலும் நிலத்தில் படாத உட்புறப் பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் போகலாம், அதை மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். வெட்டுவதானால் நுனியை மட்டும். கறுப்பு நகத்தில் உள்ளே இரத்தக்குழாய் எதுவரை வருகிறது என்று வெளியே தெரியாது. பாற்பற்கள் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் விழுந்து முளைக்கும், அதுவரை ஈரத்துணியைச் சுண்டு விரலில் சுற்றித் தடவிப் பழக்கினால் போதும். நம் பற்பசை வேண்டாம். குட்டிக்குத் துப்பத் தெரியாது. காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாமல், தெரிகிற இடத்தை மட்டும் துடையுங்கள். நாற்றமோ கபில நிறக் கசிவோ இருந்தால் எண்ணெய் விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சடைக்குட்டி வளர்ப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது கட்டை மயிர்க் குட்டிக்கு. இப்போது கிளிநொச்சி, வவுனியா நகரப் பக்கங்களில் சடைக்குட்டி வளர்ப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வேறு. நாயுருவியும் ஒட்டுப்புல்லும் மண்டிய வளவில் சடை நாள்தோறும் சிக்குப் பிடிக்கும். சிக்கின் அடியில் ஈரம் தங்கும், ஈரத்தில் தோல் அழுகும். வாலடியில் மலம் ஒட்டிக் காய்ந்தால் ஈ மொய்த்துப் புழுவும் வைக்கும். நாள்தோறும் சீப்பெடுக்க ஆளில்லாத வீடு சடைக்குட்டியை எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

கோடை வெக்கைக்கு ஒட்ட மொட்டையடித்துவிடலாமா என்பது அடுத்த கேள்வி. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே குளிர்கிறது. இரட்டை அடுக்கு மயிர் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மழித்துவிட்டால் தோல் வெந்து போகலாம். சில குட்டிகளுக்கு மயிர் பழையபடி முளைக்காமலும் போகலாம். கண்ணை மறைக்கும் மயிர், பாதத்தின் அடி, வாலடி, வயிறு ஆகியவற்றை மட்டும் கத்தரித்துவிட்டு, மற்றதை மாமர நிழலும் ஒரு சட்டித் தண்ணீரும் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் வெட்டுவதா, பராமரிப்புக் கடைக்குக் கொண்டுபோவதா? கடையில் உள்ளவருக்குக் கருவியும் கைப்பழக்கமும் இருக்கும். ஒருமுறை பார்த்தால் நாமும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், விசுவமடுப் பக்கமிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதென்றால் வெக்கையில் மணிக்கணக்கான பயணம், குட்டி வழியெல்லாம் வாந்தி எடுக்கும். அதை விடப் பெரிய கவலை பார்வோ என்ற வைரசு நோய். ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தொடர் பதினாறு வாரத்தை ஒட்டித்தான் முடிகிறது. அதற்குள் பல நாய்கள் வந்து போகும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டுபோவது, குளிப்புக்காக உயிரைப் பணயம் வைப்பதுதான். அந்த வைரசு நிலத்தில் மாதக் கணக்கில் அழியாமல் கிடக்கும். நான்கு மாதம்வரை வீட்டில் நுனிமழுங்கிய கத்தரிக்கோலோடு ஒருவர் பிடிக்க ஒருவர் வெட்டிச் சமாளியுங்கள். அதன் பிறகு கடைக்குப் போவதில் தடையில்லை. முதல் தடவை போகும்போது உங்கள் குட்டியின் தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத கடையில் உங்களுக்கு முன் வந்த நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். குட்டியை இறக்காமலே திரும்பிவிடுங்கள்.